மூன்றாவது குழாய்

லோவெல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆகஸ்ட் மாதம், தொலைபேசியில்.

"வீட்டுல மூணு பியர் குழாய் வைக்கப்போறேன்னு சொன்னியே. ஒண்ணுல ரூட் பியர் விடேன்."

"அத யாரு குடிக்க?" என்றான் தம்பி ரோலண்ட்.

"பேரப் பிள்ளைங்க வருவாங்கல்ல."

ரோலண்ட் சிரித்துவிட்டான். ரூட் பியர் பெயரில்தான் பியர். போதை கிடையாது, நன்னாரி போல மணக்கும் இனிப்புத் தண்ணீர். அந்த மணம் ஒருமுறை டியூபில் ஏறிவிட்டால் எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. பிறகு அதே டியூபில் பியர் விட்டால் பியரும் அப்படியே மணக்கும். ஷெபாய்கன் ஊரில் பியர் பீப்பாய் வைத்திருக்கும் எவனுக்கும் தெரிந்த விஷயம். முப்பத்தொரு வருடம் மதுவடிசாலையில் வேலை பார்த்த லோவெலுக்குத் தெரியாதா?

"ஏண்ணே, நீயா பேசறே? நல்ல டியூபை ஆயுசுக்கும் கெடுக்கச் சொல்றியே. பிள்ளைங்களுக்கு பாட்டில் வாங்கி வெச்சா தீந்துது."

"அதுவும் சரிதான்," என்றார் லோவெல். அதோடு பேச்சு ஏரிக்காற்றுக்குப் போய்விட்டது.

ரோலண்டின் பீப்பாய்கள் நிலவறையில் ஒரு பழைய குளிர்பெட்டிக்குள் இருந்தன. பதின்மூன்று படி. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு கிளாசுக்கும் இறங்கி ஏற வேண்டும். லோவெலுக்கு முழங்கால் சரியில்லை. பீப்பாய்களைக் கீழேயே விட்டுவிட்டுக் குழாய்களை மட்டும் மேலே கொண்டுவருவது என்று ரோலண்ட் முடிவு செய்தான். சமையலறைச் சுவரில் இரண்டு. மூன்றாவது பின்பக்கக் கண்ணாடி அறையில், டிவிக்கு எதிரே, லோவெல் எப்போதும் உட்காரும் நாற்காலியின் கைக்கு எட்டும் தூரத்தில்.

அவன் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் குளிரூட்டும் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன். வேலை அவனுக்குப் புதிதல்ல. ஆனாலும் மூன்றாவது குழாய் தண்ணி காட்டியது. பீப்பாயிலிருந்து நாற்பதடி. வழியில் பியர் கொஞ்சம் சூடானாலும் வெறும் நுரையாக வந்து விழும். பியர் டியூபோடு குளிர்ந்த திரவம் ஓடும் டியூப் இரண்டைச் சேர்த்துக் கட்டி, மேலே பஞ்சுறை சுற்றி, கீழே பம்பு வைத்தான். அப்போதும் நுரைதான். செப்டம்பர் முழுக்க அவன் மனைவி மார்லிஸ் தரையைத் துடைத்தாள்.

"வீடு முழுக்க புளிச்ச வாடை," என்றாள். "தபால்காரன் என்னை ஒரு மாதிரி பாக்கறான்."

ஒவ்வொரு வாரமும் அண்ணனை அழைத்தான். லோவெல் பொறுமையாகக் கேட்பார்.

"டியூப் என்ன அகலம்?"

சொன்னான்.

"ஜாஸ்தி. கடைசி ஆறடிக்கு ஒல்லியானதா போடு. வாயு அழுத்தத்த அப்புறம் தொடு. நீ எப்பவும் அதத்தான் முதல்ல திருகுவே."

"வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயேன்."

"முடி. முடிச்சதும் வர்றேன்."

அக்டோபர் கடைசியில் மூன்றாவது குழாயிலிருந்து ஒரு கிளாஸ் தெளிவாக வந்தது. மேலே இரண்டு விரல் நுரை, அதற்கு மேல் இல்லை. ரோலண்ட் அதை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். அந்த ஊரில் பியரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. அவனுக்கு வேண்டியது ஒரே ஒருவருடைய வார்த்தை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டே மார்லிஸ் சொன்னாள்.

"உங்க அண்ணி ஜோயன் பேசினா. உங்க அண்ணன் குடிய விட்டுட்டாராம்."

"எப்ப?"

"ஜூன்ல. செவ்வாய்க்கிழமை தேவாலயத்துல குடிய விட்டவங்க கூட்டம் நடக்குதாம், அதுக்குப் போறாராம். வெளியில சொல்ல வேண்டாம்னு அவர் சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமைக்கு முன்னால ஒரு குழாய மாத்த முடியுமான்னு ஜோயன் கேக்கறா."

ரோலண்டுக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னிடம் சொல்லவில்லையே. பிறகு ஆகஸ்ட் மாதத் தொலைபேசிப் பேச்சு நினைவுக்கு வந்தது. சொல்லியிருக்கிறார். அவனுக்குத்தான் கேட்கவில்லை.

நிலவறைக்குப் போய்ப் பஞ்சுறை சுற்றிய கட்டைப் பார்த்தான். மாற்றலாம். இருக்கிற பீப்பாயைக் கழற்றிவிட்டு ரூட் பியர் பீப்பாயை மாட்ட அரைமணி நேரம் போதும். ஆனால் மூன்று மாத வேலை. அந்த டியூபில் பியர் இனி ஓடவே ஓடாது. அண்ணன் இதற்கு முன்னும் இரண்டு தடவை விட்டவர். இரண்டு தடவையும் வசந்தத்துக்குள் திரும்பியவர். இந்தத் தடவையும் திரும்பிவிட்டால் டியூப் வீணாகிவிடுமே என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான். பிற்பாடு அதை மாற்றி நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு பாட்டில் ரூட் பியர் வாங்கிவந்து சமையலறைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தான்.

ஞாயிறு நண்பகலில் ஐந்து பேர் வந்தார்கள். அடுத்த வீட்டு டுவேன் அடுப்பில் சாசேஜ் புரட்டினான். லோவெல் கடைசியாக வந்தார். ஜோயன் அவரை வாசலில் இறக்கிவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். அவர் இளைத்திருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"என்ன லோவெல், டயட்டா?" என்றான் டுவேன். "பாதி ஆளக் காணோம்."

"மீதிய உன் வயித்துல தேடு."

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் புதுக் குழாய் திறந்தாலும் முதல் கிளாஸ் அங்கிருப்பவர்களில் மூத்தவருக்கு. அவர் குடித்து ஒரு வார்த்தை சொல்லும்வரை மற்றவர்கள் தொடமாட்டார்கள். ரோலண்ட் இதை மறந்துவிடவில்லை. யாராவது முந்திக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டான்.

யாரும் முந்தவில்லை. டுவேன்தான் மூன்றாவது குழாயில் பிடித்துக் கொண்டுபோய் நீட்டினான்.

"பெரியவரே, சீக்கிரம். நாக்கு ஒட்டிப்போச்சு எங்களுக்கு."

லோவெல் கிளாசைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். ஒரு சொல் போதும். இவருக்கு வேண்டாம்டா, எனக்குக் குடு. அல்லது அடித்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து சும்மா பக்கத்தில் வைத்திருக்கலாம். ரோலண்ட் வாய் திறக்கவில்லை. கிளாசில் நுரை சரியாக இரண்டு விரல் நின்றது.

லோவெல் வாங்கிக் குடித்தார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"குழாய் சுத்தம்," என்றார். "டேய், நாங்க ஆலையிலயே இப்படி எடுத்ததில்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். ரோலண்டும் சேர்ந்து தட்டினான். அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதைத்தான் அவன் பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினான்.

பதின்மூன்று படி இறங்க வேண்டியிருந்த காலத்தில் யார் எத்தனை தடவை இறங்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது குழாய் லோவெலின் கைக்கு எட்டியது. எழுந்திருக்க வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை. ரோலண்ட் சமையலறைக்கும் நிலவறைக்கும் அலைந்து ஒவ்வொருவருக்கும் பம்பைக் காட்டிக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு ஜோயன் வந்து நின்றபோது லோவெல் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் குழாயைப் பார்த்தாள். ரோலண்டைப் பார்க்கவில்லை.

"ஒரு கை பிடி," என்றாள் டுவேனிடம்.

அந்த மாதக் கடைசியில் நன்றி நவிலல் விருந்துக்கு லோவெல் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. டிசம்பரில் காரைப் பள்ளத்தில் இறக்கினார் என்றும், அடி இல்லை என்றும் மார்லிஸ் வழியாகத் தெரிந்தது. ரோலண்ட் இரண்டு முறை தொலைபேசியை எடுத்தான். இரண்டு முறையும் கீழே வைத்தான்.

ஜனவரியில் நேரே போனான். லோவெல் கார் கொட்டகையில் உட்கார்ந்து, உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போவதற்காகத் தூண்டில் முடிந்துகொண்டிருந்தார்.

"தொடாம பதினோரு நாள்," என்றார், யாரும் கேட்காமலே.

ரோலண்ட் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"உனக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லலையே. எனக்கும் வாய் இருந்துச்சுல்ல."

அங்கேயே விட்டிருக்கலாம். அண்ணன் கதவைத் திறந்து வைத்திருந்தார். அதன் வழியே வெளியேறுவதுதான் பாக்கி.

"தெரியும்," என்றான் ரோலண்ட். "ஜோயன் மார்லிஸ்கிட்ட சொன்னா. வியாழக்கிழமையே எனக்குத் தெரியும்."

லோவெலின் விரல்கள் நின்றன. நூல் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"வியாழக்கிழமையா?"

"ம்."

"நீ தெரியாம விட்டுட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்." அவர் குரல் உயரவில்லை. "கூட்டத்துலயும் அப்படித்தான் சொன்னேன். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது, அவன் ஆசையா செஞ்சான், வேண்டாம்னு சொல்ல மனசு கேக்கலன்னு."

வெளியே யாரோ பனி தள்ளும் சத்தம் கேட்டது.

"எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுடறேன்," என்றான் ரோலண்ட்.

"வேண்டாம். பிடுங்கினா ஏன்னு கேப்பாங்க. உன்னால சொல்லாம இருக்க முடியாது." குனிந்து நூலை எடுத்தார். "இருக்கட்டும். டுவேனுக்கு ஊத்து. நான் ஞாயித்துக்கிழமை வரமாட்டேன்."

"வேற ஒரு நாள் நான் வர்றேன்."

"வா."

ஞாயிறு அல்லாத ஒரு நாளை ரோலண்ட் யோசித்தான். இருபது வருடமாக அவர்களுக்குள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான், கையில் கிளாசோடுதான். வேறு நாளில் அண்ணனிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"செவ்வாய் வரட்டா?"

"செவ்வாய் கூட்டம் இருக்கு."

"அப்ப புதன்."

லோவெல் தூண்டில் முள்ளைக் கண்ணருகே பிடித்து அதன் துளையில் நூல் நுழைக்கப் பார்த்தார். முதல் முறை தவறியது.

"பாக்கலாம்," என்றார்.