பதினொன்று

நாலாவது தடவையும் பதினொன்றுதான் வந்தது. கணினியில் பத்தாயிரம் வேலைகளை ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டு, நடுவில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால், புதிய நிரல் லைப்ரரியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவளுடைய தம்பி எழுதிய லைப்ரரியில் பதினொரு வேலைகள் மட்டும் நிற்காமல், வராத பதிலுக்காகக் காத்துக்கிடந்தன.

அலுவலகம் முழுக்க ஃபங்ஷனல் வகையைச் சேர்ந்த ஒரே கணினி மொழியில்தான் நிரல் எழுதுகிறார்கள். அதற்கான இந்த இரண்டு லைப்ரரிகளில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பிட்டு எழுதும் வேலை வந்தபோது, வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று டீம் லீடர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள். தம்பி இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது யார் யாரோ பை வைக்கிறார்கள்.

மிச்சம் விழுந்தால் என்ன, வேகத்தில் அவனுடையதுதான் முந்தியிருந்தது. நேற்று அந்த எண்ணைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த எண்களை அச்சடித்த தாளோடுதான் இப்போது லீடர் வந்து மேசையருகே நின்றார்.

"ஓட்டிப் பழக்குற சுத்து புதுசுக்கு ரெண்டு, தம்பியோடதுக்கு இருபது. கவனிச்சீங்களாம்மா?"

கவனித்துத்தான் செய்திருந்தாள். முதல் சில சுற்றுகளில் நிரல் மந்தமாகத்தான் ஓடும். அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் அது சமமாக இருக்க வேண்டும். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். "தூங்கி எழுந்தவன உடனே ஓடச் சொன்னா எப்படிக்கா?" என்று அன்று கிண்டலடித்தான்.

"தப்புதான் சார். சரி பண்ணிடறேன்."

இரண்டுக்கும் இருபது கொடுத்து ஓட்டினாள். புதியது முந்தியது. பழையதை எடுத்துவிடலாம் என்ற ஒற்றை வரியை எழுத மதியம் முழுக்கப் பிடித்தது. எடுத்து முடிக்க மூன்று வாரம் ஆகும் என்றார் லீடர்.

அம்மாவுக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தினமும் அந்தக் கேள்வி வந்துவிடும்.

"தம்பி எழுதினது இன்னிக்கும் ஓடுச்சாடி?"

"ஓடுச்சும்மா."

இன்னும் மூன்று வாரத்துக்கு அது பொய்யில்லை. அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். மகள் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். சோதனையை நிறுத்தாமல் வந்திருந்தாள். ஆளில்லாத அலுவலகத்தில், அணைக்காத திரையில், அந்தப் பதினொன்றும் காத்துக்கொண்டிருந்தன.