தரம் ஏழில் எனக்கு எழுபத்தொன்று

இந்தமுறை தேர்ச்சி அறிக்கையில் எத்தினையாம் பிள்ளை என்று போடவில்லை. கொரோனா போய் டீசல் தட்டுப்பாடு வந்ததில் பள்ளிக்கூடம் வாரத்தில் இரண்டு நாள்தான். மிச்ச நாளுக்குச் சில பிள்ளைகள் வட்ஸ்அப்பில் படிக்கிறார்கள், சிலர் பள்ளிக்கூடம் அச்சடித்துத் தரும் தாளில். புள்ளி முழுக்க வீட்டில் செய்கிற பயிற்சிக்கு என்றபடியால் வரிசைப்படுத்த ஏலாது என்று ஞானேஸ்வரி ரீச்சர் கூட்டத்தில் சொன்னா. முப்பத்தொரு தாய்மாரும் ஆளையாள் பார்த்தார்களாம்.

அம்மா வீட்டுக்கு வந்து தரம் ஏழில் படிக்கிற தங்கச்சி யதுர்ஷிகாவின் றிப்போட்டை மேசையில் போட்டா.

"சராசரி எழுபத்தொண்டு. இது நல்லதோ கூடாதோடா?"

"எழுபத்தொண்டு எண்டால் எழுபத்தொண்டுதான் அம்மா."

"மற்றதுகளின்ரை தெரியாமல் இதை வைச்சு நான் என்ன செய்ய?"

என் கவலை வேறு. அந்த எழுபத்தொன்று என்னுடையது. நான் வவுனியாக் கம்பஸில் கணிதம் படிக்கிறேன், கம்பஸும் பூட்டு. வீட்டில் ஒரே போன், சிக்னல் குளக்கட்டில் மட்டும். பாடத்தை இறக்க நான்தான் கட்டுக்குப் போவேன். அவளின் விடையையும் அங்கேயே, சின்னப்பிள்ளை எழுத்துப்போல் இருக்க இடது கையால் எழுதி, படமெடுத்து அனுப்பிவிட்டால் பின்னேரம்வரை போன் எனக்கு. தங்கச்சி விளையாடப் போய்விடுவாள். நான் சொல்லிக் குடுக்கிறேன் என்று அம்மா ஊரெல்லாம் பெருமை.

றிப்போட்டில் ரீச்சரின் குறிப்பு: "ஆற்றல் உண்டு. கவனம் போதாது. விடைகளில் நக்கலைக் குறைக்கவும்." மூன்று தரம் வாசித்தேன். உண்மையில் நொந்துபோனேன்.

அடுத்தநாள் அம்மா ஆறு முருங்கைக்காய் பிடுங்கி என்னிடம் தந்து, என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வளவு மீனம்மா வீட்டுக்கு நடந்தா. மீனம்மாவின் மகள் சுமித்திராவும் அதே வகுப்பு. அங்கே போன் இல்லை, தாள்தான்.

"சும்மா வந்தனான் மீனம்மா. பிள்ளையின்ரை றிப்போட் எங்கை?"

"வாங்கக்கா. இந்தா, சாமிப்படத்துக்கிட்ட வச்சிருக்கேன்."

எண்பத்தாறு. "தானே சிந்தித்து எழுதுகிறார்" என்று குறிப்பு. கணிதம் தொண்ணூற்றிரண்டு. என்னுடைய கணிதம் அறுபத்திநாலு. சுமித்திராவுக்குப் பன்னிரண்டு வயது.

"நல்லது, நல்லது," என்றா அம்மா, செத்தவீட்டில் சொல்கிற குரலில். படலை தாண்டியதும் என் கையைப் பிடித்தா. "தாளிலை என்னவோ இருக்கு. அதை வட்ஸ்அப்பிலை விடுகினமில்லை. நாங்களும் தாளுக்கு மாறுவம்."

"தாள் பழைய முறை அம்மா!"

"பழைய முறையிலைதான் எண்பத்தாறு வருது."

மாறலாம், ஆனால் பிள்ளை திங்கள் வந்து தன் முன்னால் ஒரு தாள் செய்யவேணும் என்று ரீச்சர் அறிவித்தா. யதுர்ஷிகா ஒன்றும் தெரியாமல் முழிக்கப்போகிறாள். என் சொல்லிக்குடுப்பின் லட்சணம் வெளியில் வரப்போகிறது. சனிக்கிழமை அவளைப் பிடித்து இருத்திப் பின்னம் தொடங்கினேன்.

"எனக்கு வேலை இருக்கண்ணா," என்று எழும்பி ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை அவள் எழுத எழுத நான் வகுப்பு வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். ரீச்சர் அங்கேயே திருத்தினா. எண்பத்திநாலு.

"எப்பிடியடி?" என்றேன், மெதுவாக.

"நான் ஒவ்வொரு நாளும் சுமித்திரா வீட்டைதானே போனனான். அவளின்ரை தாளை ரெண்டு பேரும் செய்யிறனாங்கள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ போனோடை சந்தோசமா இருந்தாய்."

அம்மாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. "பாத்தீங்களோ ரீச்சர், தாள் கையிலை வரமுந்தியே எண்பத்திநாலு! எல்லாம் தமையன் சொல்லிக்குடுத்தது."

ரீச்சர் புதுத் தாளையும் பழைய றிப்போட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"அந்த எழுபத்தொண்டு எடுத்தவரையும் கிழமைக்கு ரெண்டு நாள் அனுப்புங்கோம்மா. பின்னத்திலை கொஞ்சம் பின்னுக்கு. எழுத்தும் வலக்கையாலை எழுதினால் வாசிக்கலாம்."

அம்மா இரண்டு தாளையும் பார்த்தா. கடைசியாக என்னைப் பார்த்தா. என் சேட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டு போனை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினா.

அன்று புதுத் தாள் கொடுக்கிற நாள். யதுர்ஷிகாவும் சுமித்திராவும் வாங்கின கையோடு வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மர வாங்கில் குந்தி எழுதத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா அந்தப் பக்கம் போவதுபோல் போய், மூன்றாம் கணக்கை எப்படிச் செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன்.

சுமித்திரா நிமிராமலே கையால் மறைத்தாள்.