கன்றின் கழிச்சலும் மாப்பிள்ளையின் மண்வெட்டியும்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், நான் அடுத்து வாங்கும் மூச்சு உள்ளேயே நின்றுபோகட்டும். வாங்கிவிட்டேன், நிற்கவில்லை. ஆகவே கேளுங்கள்.

என் தங்கையின் புருஷன் இரும்புப் பட்டறைக்காரன். சுத்தியல் படாத பொருள் சரியாகாது என்பது அவன் கட்சி. வீட்டுப் பசு கன்று போட்டதும், மஞ்சளாகக் கெட்டியாக வந்த சீம்பாலைக் கெட்ட பால் என்று சாக்கடையில் கொட்டினான். கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தியே அந்த முதல் பாலில்தான் வருகிறது. அந்தச் சாக்கடைக்கு இன்றுவரை ஒரு காய்ச்சல் வந்ததில்லை.

கன்றுக்குக் கழிச்சல் கண்டது. முதல் பீச்சலில் கொட்டகைக் கதவு கீலோடு பெயர்ந்து எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் ஒரு காக்கை பறந்தபடியே செத்தது. தங்கை ஆள் அனுப்பினாள். நான் போனபோது கன்றின் கண்கள் குழி விழுந்திருந்தன. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன்; கூடாரம் போல அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது.

“அண்ணே, இது செத்துதுன்னா பொட்டியோட உன் வீட்டுக்கே வந்துடுவேன்,” என்றாள் தங்கை.

என் வீட்டில் இருப்பது ஒரே அறை. கன்று பிழைத்தே ஆகவேண்டும்.

மாப்பிள்ளை அதன் வாயைக் கயிற்றால் கட்டியிருந்தான். “பாலும் கிடையாது, தண்ணியும் கிடையாது மச்சான். வயித்தைக் காயப் போட்டா தானா நிக்கும்.”

“மூச்சும் சேர்ந்து நிக்கும் மாப்பிள்ளே. உப்பும் சர்க்கரையும் அளவா கலந்து தண்ணி குடுக்கணும். நடுநடுவுல பாலும் குடுக்கணும்.”

கயிற்றில் கை வைத்தேன். மண்வெட்டி என் தலையில் இறங்கியது. மண்வெட்டிதான் வளைந்தது. பால் கேனால் அவன் தாடையில் ஒன்று வைத்தேன். பற்கள் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை போலச் சடசடத்தன. அவன் என் காதைக் கடித்துத் துப்பினான். பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேற்கொண்டு அடித்தேன். ரத்தம் கணுக்கால்வரை ஏறியதும், தங்கை பால் செம்பால் எங்கள் இருவர் மண்டையையும் பாரபட்சமில்லாமல் பிளந்தாள்.

“வெளிய போய் அடிச்சுக்கங்க. வைக்கோலெல்லாம் நனையுது. கன்னு ஈரத்துல கிடக்கக் கூடாது.”

வெளியே போயிருப்போம். அதற்குள் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கன்றைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடுவது அவன் வழக்கம். அந்தக் கழிச்சல் மனிதனையும் தொற்றும். கொட்டகையில் மிச்சமிருந்த சுவரும் போயிற்று.

தங்கை கன்றின் வாய்க்கயிற்றை அவிழ்த்துப் புருஷன் வாயில் கட்டினாள். பிறகு அவனைத் தூணோடு கட்டினாள்.

“காயப் போடுங்க. தானா நிக்கும்.”

கன்றுக்குப் புட்டியில் வெதுவெதுப்பான உப்புச் சர்க்கரைத் தண்ணீர் இறங்கியது. மாப்பிள்ளையின் கண்கள் குழி விழுந்தன. அவன் கழுத்தையும் கிள்ளிப் பார்த்தேன். இந்தக் கூடாரம் கொஞ்சம் பெரிது. கடைசியில் மிச்சமிருந்த பல்லால் கயிற்றை அறுத்து, தூணைப் பெயர்த்து, அதாலேயே என் விலாவை நொறுக்கி, புட்டியைப் பிடுங்கி உறிஞ்சினான். குடித்துவிட்டுக் கன்றைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்தது.

“இதுக்கும் இன்னொண்ணு கலக்கு மச்சான்,” என்றான்.

கன்று எழுந்து தாயின் மடியை முட்டியது. தங்கை பெட்டியைப் பரணில் ஏற்றினாள். அடுத்த ஈற்றில், கன்று தள்ளாடி நிற்கும்போதே மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு சீம்பாலை ஊட்டினான். பார்க்கக் குனிந்த என்னை மூக்கில் குத்தினான்.

நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை; கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது.