அரை மூலிகை

யாவோர்கா கிராமத்தில் இருபத்திரண்டு வருஷம் வைத்தியம் பார்த்தவை காட்டுப்பூனைகள். சர்க்கார் வைத்தியசாலை இல்லாமல் இல்லை. தேவாலயத்துக்கு எதிரே வெள்ளையடித்த இரண்டு அறை இருந்தது, ஊசி கொதிக்கவைக்கப் பாத்திரம் இருந்தது, ஸ்பிரிதோன் என்ற கம்பவுண்டரும் இருந்தார். சனங்கள் அவருக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, அவர் வாசலைத் தாண்டி நேராக பீச் மரக்காட்டின் விளிம்புக்குப் போனார்கள். அங்கே சாய்ந்த பாறை ஒன்றின் மேல் மூன்று பூனைகள் முறைபோட்டு உட்கார்ந்திருக்கும். மூத்த பெண்பூனைக்கு வால் உலக்கைத் தடிமன், கறுப்பு வளையம் போட்டது. அதை ஊரே டாக்டரம்மா என்று அழைத்தது. டாக்டரம்மா நோயாளியின் காது மடலை மெதுவாகக் கடித்துப் பார்த்துக் காய்ச்சலின் அளவைத் தெரிந்துகொள்ளும். பிறகு காட்டுக்குள் போய் வாயில் ஏதாவது கவ்விக்கொண்டு வந்து காலடியில் போடும். கோடாலிக் காயத்துக்குச் சிலந்தி வலையும் வெட்டுப்பூண்டும், சளிக்கு லிண்டன் பூ, மூட்டு வலிக்குக் காஞ்சொறி. காஞ்சொறியைத் தின்னவேண்டியதில்லை, அதில் உருளவேண்டும். ஒருமுறை அதிகாரி ஒருவர் அன்பு மேலிட்டு டாக்டரம்மாவின் தலையைத் தடவப் போனார். அவருடைய கைக்கு அடுத்த பூனை வைத்தியம் பார்த்தது. வலேரியன் வேர் தோண்டும் வாரத்தில் மட்டும் மூன்றும் வாசனையில் மதிமயங்கிக் கிடக்கும். அந்த ஒரு வாரம் ஸ்பிரிதோனுக்குக் கொஞ்சம் வேலை இருந்தது. அவரும் தன் இடுப்பு வலிக்குப் பாறைக்குத்தான் போய்வந்தார், ஆனால் சுற்றுவழியாக.

சேவ்தா மூலிகைக் கொள்முதல் நிலையத்தில் தராசுக்காரி. மலையிலிருந்து சனங்கள் கொண்டுவரும் தைமும் மலைத் தேயிலையும் அவள் கையால் நிறுக்கப்பட்டுத்தான் நகரத்துக்குப் போகும். மூட்டைக்குள் கல் வைத்துக்கொண்டு வருகிறவர்களை அவள் பிடித்ததே இல்லை. அவளுடைய வாய் பிடிக்கும். "ஏன் மாமா, இந்தத் தைமு மலையில முளைச்சுதா, இல்ல மலையையே கட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், ஆள் தானாகவே மூட்டையை அவிழ்த்துக் கல்லை வெளியே எடுத்து வைத்துவிடுவான். கேட்ட மாத்திரத்தில் பதில், அந்தப் பதிலுக்குப் பதில் வந்தால் அதற்கும் பதில். யாவோர்காவில் இதில் அவளை ஜெயித்தவர் இல்லை. அது அவளுக்கே தெரியும், அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

அவள் கட்டிக்கொள்ள நினைத்தது மனோலை. கோவேறு கழுதைகளை வைத்துக் காட்டிலிருந்து மரம் இழுக்கிறவன், அதிகம் பேசாதவன். மார்ச் மாத மூடுபனியில் நான்கு நாள் நனைந்து சளி பிடித்ததில் அவன் குரல் ஒரு நாள் தாமதமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவன் பேசினால் உதடு மட்டும் அசையும். புதன்கிழமை அதே நேரத்தில், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தூங்கிக்கொண்டிருந்தாலும், மூடிய வாயிலிருந்து நேற்றைய பேச்சு கணீரென்று வரும். கழுதைகள் முதல் வாரம் திண்டாடின. "நில்" என்றவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து ஒரு கழுதை ஓடையில் விழுந்தது. பிறகு அவை பழகிக்கொண்டு, நேற்று சொன்னதை இன்று செய்தன. மனிதர்கள்தான் பழகவில்லை.

ஏப்ரலில் கல்யாணம். மாவட்டப் பதிவாளர் வந்து, மூவர்ணப் பட்டையை மார்பில் போட்டுக்கொண்டு, சம்மதமா என்று கேட்டார். சேவ்தாவின் "சம்மதம்" ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. மனோலின் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அந்த ஊர் வழக்கப்படி அவன் ஆமாம் என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டியும் பார்த்தான். காதில் விழவேண்டும், சட்டம் அப்படித்தான் என்று சொல்லிப் பதிவாளர் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் அதே நேரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கூட்டம். பள்ளிக்கூடத்துக் கழிவுக்குழியை அள்ள யாருக்காவது விருப்பம் உண்டா என்று தலைவர் கேட்ட அந்த நொடியில், பின் வரிசையிலிருந்து "மனப்பூர்வமா சம்மதம்!" என்று மனோலின் குரல் முழங்கியது. அவன் ஆறு நாள் அள்ளினான்.

சேவ்தாவின் அப்பா தோதோர் கெட்டவர் இல்லை, பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. "பீட்டர் திருநாளுக்குள்ள இவன் வாயிலேருந்து ஒரு வார்த்தை நேரத்துக்கு வரணும். இல்லேன்னா நீ ப்லோவ்திவுக்கு உன் அத்தை வீட்டுக்குப் போயிடு. அங்க நெசவு மில்லுல வேலை இருக்கு, வாயுள்ள மாப்பிள்ளையும் இருப்பான்," என்றார்.

டாக்டரம்மா மனோலின் காதைக் கடித்துப் பார்த்து நெடுநேரம் யோசித்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்தபடி உலகத்தில் நோய்கள் எழுபத்தேழரை, மூலிகைகளும் எழுபத்தேழரை. எழுபத்தேழுக்குப் பெயர் உண்டு. அந்த அரை நோய்க்குப் பெயரும் கிடையாது, அதற்கான அரை மூலிகை எது என்று யாருக்கும் தெரியவும் தெரியாது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பூனை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டது. ஒரு வேரால் மனோலுக்கு மீசை அடர்த்தியானது. ஒரு பூவால் இரண்டு நாள் தேனீக்கள் அவனைச் சுற்றியே வந்தன. ஒரு கொட்டையைத் தின்றபின் அவனுடைய பழைய பல்வலி போயிற்று, கூடவே பக்கத்து வீட்டுக்காரியின் பல்வலியும் போயிற்று. குரல் மட்டும் ஒரு நாள் பிந்தியே நின்றது. எழுபத்தேழும் தீர்ந்தபோது மூலிகைத் திருநாளான எனியோவ் நாள் வந்துவிட்டது, பீட்டர் திருநாளுக்கு ஐந்தே நாள் பாக்கி.

எனியோவ் நாள் விடியலில் பெண்கள் பனி காயுமுன் மூலிகை பறிப்பார்கள். எழுபத்தேழையும் கட்டியபின், கையில் அகப்பட்ட ஏதோ ஒரு செடியை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை மூலிகைக்கட்டுக்குள் செருகிக்கொண்டு மறுபாதியை ஓடையில் எறிவார்கள். அரை மூலிகை என்றால் அதுதான் என்று யாவோர்காவில் காலங்காலமாக நம்பியிருந்தார்கள். அதனால் யாருக்கும் எதுவும் குணமானதில்லை, யாரும் அதை எதிர்பார்த்ததும் இல்லை. சேவ்தாவும் ஸ்ட்ராவெட்ஸ் என்ற மணமுள்ள காட்டுச்செடி ஒன்றைக் கிழித்துப் பாதியை எறிந்தாள். பத்தடி கீழே கல்லின் மேல் படுத்திருந்த டாக்டரம்மா, மீன் பிடிப்பது மாதிரி காலை நீட்டி அதைக் கொக்கிபோட்டு எடுத்து, ஈரத்தோடு கொண்டுவந்து அவள் பூட்ஸ் மேல் வைத்தது. வைத்துவிட்டு, இத்தனை வருஷமாக இந்த முட்டாள்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்த களைப்போடு உட்கார்ந்தது.

சேவ்தா இரண்டு பாதியையும் எடுத்துக்கொண்டு மனோலின் முற்றத்துக்கு ஓடினாள், பூனையும் பின்னாலேயே போயிற்று. மனோல் முதல் பாதியை வாங்கினான். இரண்டாவதற்குக் கை நீட்டியதும் பூனை அவன் புறங்கையில் ஒரு கீறல் போட்டு, அந்தப் பாதியைச் சேவ்தாவின் பக்கம் தள்ளியது. சேவ்தா அதைப் பூனையிடம் திருப்பித் தள்ளினாள். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நோயாளியின் நோயைத் தான் வாங்கிக்கொள்வது வைத்தியர் வேலையில் சேர்ந்ததில்லை.

"அப்போ பாதி நோய் எனக்கா?" என்றாள் சேவ்தா. டாக்டரம்மா கண்ணை மெதுவாக மூடித் திறந்தது. "அரை நாள் அவனுக்கு, அரை நாள் எனக்கா? நல்லா இருக்கு நியாயம்! காலையில ஒருத்தன் என்னை ஏசினா நான் சாயங்காலம் பதில் சொல்றதா? அதுக்குள்ள அவன் சாப்பிட்டு மறந்தே போயிருப்பானே!"

பூனை நக்கிக்கொள்ள ஆரம்பித்தது. சேவ்தா வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்திக்கொண்டு அழுதாள். மனோல் இல்லாமல் ப்லோவ்திவில் வாழ்வதை நினைத்து அழுதாள். தராசின் முன்னால் வாயடைத்து நிற்பதை நினைத்து அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுதாள். பிற்பகலில் மனோல் அவர்கள் வேலிப்பக்கம் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உதட்டை அசைத்தான். அவன் அத்தனை நேரம் பேசி யாரும் பார்த்ததில்லை. என்ன பேசினான் என்பது மறுநாள் பிற்பகலில்தான் தெரியவரும்.

அவன் போனபிறகு சேவ்தா முகம் கழுவிக்கொண்டு ஊருக்குள் இறங்கினாள். மிச்சம் வைத்திருந்த பதில்களையெல்லாம் நேரத்துக்குச் சொல்லித் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ரொட்டிக்கடைக்காரியிடம் மூன்று வருஷத்துப் பாக்கி ஒன்று, பாதிரியாரிடம் இரண்டு, கூட்டுறவுத் தலைவரிடம் கழிவுக்குழி விஷயமாக நீளமாக ஒன்று. ஸ்பிரிதோனிடம், "கம்பவுண்டரய்யா, பாறைக்குச் சுத்துவழியா போறது இடுப்புக்கு நல்லதில்ல, நேர்வழியிலேயே போங்க," என்றாள். ஊரே வாங்கிக் கட்டிக்கொண்டது. இருட்டுவதற்குள் அவளிடம் ஒரு பதிலும் மிச்சமில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மனோலின் முற்றத்தில், பூனை பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் ஆளுக்கொரு பாதியை மென்று விழுங்கினார்கள். உடனே மனோலின் வாயிலிருந்து, அரை நாள் குறைந்துபோனதால், தேங்கிக் கிடந்த பேச்செல்லாம் மடை திறந்த மாதிரி கொட்டியது. கழுதைகளுக்குச் சொன்னது, அடுப்பைத் திட்டியது, நடுவில் வேலிப்பக்கம் நின்று சொன்னதும் வந்தது. "சேவ்தா, அதைத் தின்னாத. உன் வாய்தான் எனக்குப் பிடிச்சதே. நீ ப்லோவ்திவுக்குப் போ. நல்லா இருப்ப. நான் இப்படியே இருந்துக்கறேன்."

சேவ்தா அதைக் கேட்டு ஏதோ சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது. மனோல் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்று குழந்தை மாதிரி அழுதான்.

மாலை ஏழு மணிக்கு தோதோர் மகளுக்கு எதிரே உட்கார்ந்து அவரைக்கொட்டைச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். சேவ்தா ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். மூடிய அவள் வாயிலிருந்து, "போடா மடையா, தின்னாச்சு. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே லேட்டா இருப்போம்," என்று குரல் வந்தது. தோதோர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்துபோய், கல்யாணத்துக்கென்று புதைத்து வைத்திருந்த பிளம் சாராயப் பீப்பாயைத் தோண்ட மண்வெட்டியை எடுத்தார்.

பீட்டர் திருநாளன்று காலை எட்டு மணிக்குப் பதிவாளர் கேள்வி கேட்டார். இரண்டு ஜோடி உதடுகள் அசைந்தன. பதிவாளர் பட்டையைச் சுருட்டப்போனபோது தோதோர் அவர் தோளில் கை வைத்து, "காதில விழணும்னுதானே சட்டத்துல இருக்கு? எத்தனை மணிக்கு விழணும்னு போட்டிருக்கா? உக்காருங்க சார், ஆட்டுக்கறி ஆறுது," என்றார். பதிவாளர் சட்டப்புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. உட்கார்ந்தார், சாப்பிட்டார், இரண்டு சுற்று ஆடவும் ஆடினார். மாலை எட்டு மணிக்கு, மணமக்கள் வாய் நிறைய உருளைக்கிழங்கு அடையை வைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு சம்மதமும் ஒன்றாக ஒலித்தன. பதிவாளர் எழுந்து நின்று, கொஞ்சம் தள்ளாடி, கையெழுத்துப் போட்டார்.

டாக்டரம்மா அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த நோயை அது தீர்ந்ததாகவே எடுத்துக்கொண்டது. அவர்கள் முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். காலையில் சண்டை போடுவார்கள், மற்றவர்களைப் போலவே உப்புக்கும் சுள்ளிக்கும்தான். சத்தமில்லாத சண்டை, கைகள் மட்டும் பறக்கும். மத்தியானத்துக்குள் அது ஆறிவிடும். சாயங்காலம் இருவரும் அருகருகே உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கும்போது காலைச் சண்டை ஒரு சொல் விடாமல் வந்து சேரும். நல்ல ஏச்சு ஒன்று வந்தால் மனோல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். சேவ்தாவும் தன் ஏச்சைத் தானே கேட்டு ரசிப்பாள். தராசுக்கு முன்னால் கல்லோடு வந்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள். பதில் எந்த நேரத்தில் வந்து தாக்கும் என்று தெரியாமல் ராத்திரிச் சாப்பாடு அவர்களுக்கு இறங்காது.

ஸ்பிரிதோனுக்குப் பிறகு வந்த இளவயதுக் கம்பவுண்டர், வந்த முதல் வாரம், ஒரு மாலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் பயங்கரச் சண்டை கேட்டு விலக்கிவிட ஓடினார். உள்ளே மேஜையில் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள். மூடிய அந்த வாய்களிலிருந்து அவர்களுடைய குரல்கள் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டிருந்தன. கிழவி கிழவனின் தட்டில் நடுத்துண்டை எடுத்து வைத்தாள். "என்னங்க இது? என்ன ஆச்சு?" என்றார் கம்பவுண்டர். அவள் ஏதோ சொல்லி உதட்டை அசைத்து அவருக்கும் ஒரு துண்டு நீட்டினாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வைத்தியசாலை வாசலில் முகம் வழித்துக்கொண்டிருந்தார். மூலிகை மூட்டையோடு தெருவில் போன சேவ்தாவின் மூடிய வாயிலிருந்து, "உக்காருங்க தம்பி, பழம் சாப்பிடுங்க. அது காலையிலேயே முடிஞ்சுபோச்சு," என்று குரல் வந்தது. "சரிங்கம்மா," என்று சொல்லிவிட்டு அவர் மற்ற கன்னத்துக்குச் சோப்புப் போட்டார்.