திருப்பத்துத் தூண்

படிக்கட்டின் திருப்பத்திலேயே ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது. ஆள் இல்லாத வெறும் ஸ்ட்ரெச்சர்தான். முதலில் ஒருமுறை சும்மா ஏற்றிப் பார்த்துவிடுவோம் என்று மயான வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் முயன்றுகொண்டிருந்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், தலைக்கு மேலே தூக்கியும் பார்த்தார்கள். எப்படித் திருப்பினாலும் கைப்பிடியைத் தாங்கி நிற்கும் அந்த மரத்தூணில் போய் இடித்தது.

அவள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால், அறையில், அவள் புருஷன் கட்டிலில் கிடந்தார். காலையில் காபியோடு போய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே போயிருக்கிறார், கொடுத்து வைத்தவர் என்றார். அந்தக் கொடுத்து வைத்தவர் இப்போது சொந்த வீட்டு மாடியிலிருந்து இறங்க வழியில்லாமல் கிடந்தார்.

"அம்மா, ஒண்ணு செய்யலாம்," என்றார் மூத்த வண்டிக்காரர். "நாற்காலியில உக்கார வெச்சு, துணியால கட்டி இறக்கிடலாம். இந்த மாதிரி வீட்ல எல்லாம் அப்படித்தான் செய்வோம்."

"கட்டியா?"

"சரிஞ்சிடக் கூடாதில்ல. நெஞ்சுல ஒரு கட்டு, நெத்தியில ஒரு கட்டு."

காலர் கசங்கியிருந்தால் வாசலுக்குக்கூடப் போகாத மனுஷன். அவரைப் பழைய பீரோ மாதிரிக் கட்டித் தெருவில் இறக்கினால் எதிர்ச்சாரி முழுக்க ஜன்னலில் நின்று பார்க்கும்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. அவர் படுத்தபடிதான் போகணும்."

"அப்போ இந்தத் தூணை எடுத்தாகணும்மா. ரம்பம் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை."

"அதைத் தொடக் கூடாது. அது நகராட்சிப் பட்டியல்ல இருக்கு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. மனுஷன் போய் அரை நாள் ஆகவில்லை, அதற்குள் அவள் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பணியில் இருந்தவரை அவர் நகராட்சியில் பழங்கட்டடப் பிரிவுக்கு அதிகாரி. இந்தத் தெரு இன்றைக்கு நிற்கிறது என்றால் அது அவரால்தான். இரண்டு பக்கமும் இடித்து வண்டி நிறுத்த இடம் கட்டப் போகிறோம் என்று கிளம்பினார்கள். அவர்தான் அலையாய் அலைந்து, ஒவ்வொரு வீட்டையும் பாதுகாக்க வேண்டிய கட்டடமாகப் பட்டியலில் சேர்த்து, இடிக்க விடாமல் செய்தார். தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம்தான் பட்டியலில் இருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தது. சிமெண்ட் பூசக் கூடாது, சுண்ணாம்புதான். அலுமினிய ஜன்னல் கூடாது. மரச்சட்டம், அதுவும் ஒரே பச்சை. சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரைக் கேட்க வேண்டும். "சுண்ணாம்பு வருது, ஏணியை உள்ள வை" என்று ஆளுக்கு ஆள் குரல் கொடுப்பார்கள். சுண்ணாம்பு என்பதே அவர் பெயராகிவிட்டது. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏணியைத் தேடிக்கொண்டு உள்ளே போவார்.

தன் வீடு என்றால் இன்னும் கறார். அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கீழே ஒரு குளியலறை. முட்டி போய்விட்டது, மாடியில்தான் குளிக்க, மாடியில்தான் ஒதுங்க என்றால் கீழே இறங்கவே மனம் வருவதில்லை. "அந்தச் சுவர்ல குழாய் போகாதும்மா. ஊருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒண்ணா?" என்பார். கோபமாகச் சொன்னாலாவது சண்டை போடலாம். வருத்தமாகச் சொல்வார். பிள்ளை இல்லாத வீடு. அவர் மேல் இருந்த கடுப்பில் அக்கம்பக்கமும் படியேறுவதை விட்டுவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவளைக் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். அப்போதுகூட எட்டிப் பார்த்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். எப்படியோ பிழைத்துவிட்டாள். பிழைத்து, மறுபடியும் அதே மாடி.

அவள் நகராட்சிக்குப் போன் செய்தாள். அவருடைய இடத்துக்கு வந்திருந்த புது அதிகாரி, சின்னப் பெண், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். மேலே போய் அவரைப் பார்த்தாள். இறங்கி வந்து தூணைப் பார்த்தாள். தூணைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"அம்மா, முறைப்படி பழங்கட்டடக் குழுவைக் கேட்கணும். அவசரம்னு நானே வாயால அனுமதி கொடுக்கலாம். ஆனா வேலைக்கு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம் எடுத்து வைக்கணும். சார் போட்ட விதிதான்." ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "சார் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"கூடாதுன்னு சொல்லியிருப்பார்."

அந்தப் பெண் தலை குனிந்தாள்.

"இத்தனை வருஷம் அவர் சொன்னது நடந்துச்சு. இன்னிக்கு ஒரு நாள் நான் சொல்றேன். எடுங்க," என்றாள் அவள்.

"ரம்பத்தால அறுத்தா மரம் பிளந்துடும்மா. தெரிஞ்ச கை வேணும்," என்றாள் புது அதிகாரி.

தெரிந்த கை எதிர்வீட்டிலேயே இருந்தது. அங்கேதான் சிக்கல். எதிர்வீட்டுத் தச்சர் அவளைத் தங்கச்சி என்பார், அவரை மச்சான் என்பார். ஒரு காலத்தில் பெட்டி வேலை, நாற்காலி வேலை எதுவானாலும் அவர்தான். அவள் பிழைத்து எழுந்த அடுத்த வருஷம் தன் பட்டறையின் பலகைக் கதவை எடுத்துவிட்டு இரும்பு ஷட்டர் போடக் கேட்டார். மச்சான் மாட்டேன் என்றார். நடுத்தெருவில் வாய்ச்சண்டை முற்றி, "நீ செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று தச்சர் கத்தியது அவளுக்கு மாடி ஜன்னலில் கேட்டது. அன்றிலிருந்து அவருக்கு இவர்கள் யாரோ.

புது அதிகாரி தான் போய்க் கூப்பிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று இவளே இறங்கினாள். ஒரு படிக்கு ஒரு மூச்சு. திருப்பத்தில் வழக்கம்போலத் தூணைப் பிடித்து நின்று, அடுத்த பாதிக்குத் தெம்பு சேர்த்துக்கொண்டாள். தெருவில் வண்டி நின்றிருந்தது. பச்சை ஜன்னல்கள் எல்லாம் அரைகுறையாகத் திறந்திருந்தன. ஒரு முகம் பின்வாங்கியது. யாரும் வெளியே வரவில்லை. இந்தத் தெருவில் ஒரு சுவர்கூட விழாமல் பார்த்துக்கொண்டவர் செத்துக் கிடக்கிறார், ஒரு கதவு திறக்கவில்லையே என்று அவளுக்கு வாய்விட்டுக் கத்தலாம் போலிருந்தது. கத்தி என்ன ஆகப் போகிறது என்று தெருவைக் கடந்தாள்.

தச்சர் பட்டறையில் வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். முன்பைவிட உடம்பு வற்றியிருந்தது.

"அண்ணே, அவர் போயிட்டாரு."

"வண்டி வந்தப்பவே தெரியும்."

"திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் திரும்பல. கட்டி உக்கார வெச்சு இறக்கலாங்கிறாங்க. எனக்கு மனசு கேக்கல. அந்தத் தூணை எடுக்கணும். வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. இருந்தாலும் கேக்கறேன்."

தச்சர் சுவரில் மாட்டியிருந்த சாமான்களைப் பார்த்தார். ரம்பத்தை எடுப்பார் என்று நினைத்தாள். அவர் ஒரு ஸ்பேனரையும் சின்ன உளியையும் மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நடங்க தங்கச்சி," என்றார்.

புது அதிகாரி போனில் தூணைப் படம் எடுத்து முடித்திருந்தாள். தச்சர் யாரையும் பார்க்காமல் திருப்பத்தில் மண்டியிட்டார். தூணின் அடிப்பக்கத்தில் கையால் தடவி, ஓர் இடத்தில் உளி முனையை வைத்து நெம்பினார். நாணயம் அளவுக்கு ஒரு மரமூடி கழன்று வந்தது. உள்ளே ஒரு போல்ட். அதைத் திருகிக் கழற்றினார். பிறகு எழுந்து, தூணை இரண்டு கையாலும் அணைத்து மேலே தூக்கினார். அது கைப்பிடியில் ஒரு முழத்தையும் சேர்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வந்துவிட்டது.

வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புது அதிகாரி குனிந்து வெட்டின இடத்தைப் பார்த்தாள்.

"இது இன்னிக்கு வெட்டினதில்லை. பழைய வெட்டு. மெழுகு தேய்ச்சு வெச்சிருக்கு. யார் இதைச் செஞ்சது?"

"நான்தான்."

"அனுமதி?"

"அனுமதி கொடுக்கிறவர்தான் செய்யச் சொன்னார்."

அவருடைய மனைவி தச்சர் பக்கம் திரும்பினாள். "எப்போ அண்ணே?"

தச்சர் தூணைச் சுவரில் சாத்தினார். அது சரியாமல் நிற்கிறதா என்று தேவைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போன்னு கேக்கறேன்."

"உங்களை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு அனுப்புறதுக்கு முந்தின வாரம். அவரே பட்டறைக்கு வந்தார். நடுங்கிட்டு வந்தார். இந்தப் படியில படுத்த வாக்குல ஒரு ஆளை இறக்க முடியாது, அளந்து பார்த்துட்டேன்னார். அவளை நாற்காலியில கட்டி இறக்க விட மாட்டேன், ஏதாவது பண்ணு மச்சான்னார். வேலை முடியற வரைக்கும் இதோ இந்தப் படியிலதான் உக்காந்திருந்தார். அறுக்கிறப்போ மட்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டார்."

வெளியே வண்டிக்காரர் அணைக்க மறந்த என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அந்த வாரத்தை நினைத்துப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறியபோது வீட்டில் புது மெழுகு வாசனை அடித்தது. நான் வருகிறேன் என்று வீட்டைத் துடைத்து வைத்திருக்கிறார் என்று அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள்.

"நான் குளிக்கக் குழாய் போடக் கூடாது. நான் செத்தா இறக்கறதுக்குத் தூணை வெட்டலாம்," என்றாள். "நல்லா இருக்குண்ணே நியாயம். ரொம்ப நல்லா இருக்கு."

அவளுக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. முழுசாக வந்து தீர்வதற்குள் அழுகையும் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முந்தானையை எடுத்ததும் கேட்டாள். "ஷட்டர் சண்டையில அவரை அவ்வளவு பேசினீங்களே. இதை ஒரு வார்த்தை வெளியில விட்டிருந்தா தெருவே அவர் மேல காறித் துப்பியிருக்கும். ஏன் விடல?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க ஜன்னல்ல நின்னீங்க. உங்க சாவுக்கு அவர் ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கார்னு நடுத்தெருவுல உங்க காதுல போடச் சொல்றீங்களா?" அவர் மூக்கை உறிஞ்சினார். "முழுங்கிட்டேன்."

வண்டிக்காரர்கள் அவரை இறக்கினார்கள். இந்த முறை ஸ்ட்ரெச்சர் எங்கும் இடிக்காமல் திரும்பியது. காலர் கசங்காமல், மல்லாந்து படுத்தபடி, தனக்கென்று செய்யாத வழியில் அவர் இறங்கிப் போனார். தச்சர் தலைப்பக்கம் ஒரு கை கொடுத்தார். தெருவில் நான்கைந்து பேர் வாசலுக்கு வந்து நின்றார்கள். அதற்கு மேல் வரவில்லை. மயானத்துக்கு வண்டியில் அவளும் தச்சரும் போனார்கள். புது அதிகாரி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள்.

திரும்பி வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. தூண் சுவரில் சாய்ந்தபடி காத்திருந்தது.

"மாட்டிடவா தங்கச்சி? இல்ல, இப்படியே இருக்கட்டுமா?"

அவள் யோசித்தாள். "மாட்டிடுங்க. அந்தப் போல்ட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மாட்டுங்க."

"எண்ணெய் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் தச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திராமல் எண்ணெய் எடுத்து வரப் போனார். போகிறபோதே முணுமுணுத்தார். "எனக்கு உங்களைவிட வயசு கூட. வேற யாருக்காவது சொல்லி வைக்கணும்."

"எனக்குச் சொல்லிக் கொடுங்க," என்றாள் புது அதிகாரி.

மூடியை அடித்து முடித்ததும் வெட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. புது அதிகாரி போனை எடுத்தாள். தூணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"முன்னாடி எடுத்த படமே போதும்மா. பின்னாடியும் இப்படியேதான் இருக்கு."

இரண்டு பேரும் போனார்கள். ஏதாவது வேண்டுமென்றால் ஜன்னலில் நின்று ஒரு குரல் கொடுங்கள் என்று தச்சர் வாசலில் நின்று சொன்னார். அவள் சரி என்றாள். கதவைச் சாத்தினாள். கீழ்க்கூடத்தில் உட்காரலாம் என்று பார்த்தாள். குளிக்க வேண்டும், அதற்கு மேலேதான் போக வேண்டும்.

ஒரு படிக்கு ஒரு மூச்சாக ஏறினாள். திருப்பத்துக்கு வந்ததும் தூணைப் பிடித்து நின்றாள். பிழைத்து எழுந்த நாளிலிருந்து தினமும் இதைப் பிடித்துத்தான் ஏறியிருக்கிறாள், தினமும் முழு உடம்பையும் இதன் மேல்தான் சாய்த்திருக்கிறாள். இப்போது அதன் உச்சியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, தன் பலம் கொண்ட மட்டும் ஆட்டிப் பார்த்தாள்.

கொஞ்சம்கூட அசையவில்லை. இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தாள். பிறகு மிச்சப் படிகளை ஏறி, மாடி விளக்கைப் போட்டாள்.