அமீனா பீவி அடிக்கவே இல்லை

மீரான் பாயை அவர் மனைவி அடிக்கிறார் என்று மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. பாய் எழுபது வயதிலும் செக்கச்செவேலென்று ஆறடி உயரம். அமீனா பீவியோ அவர் நெஞ்சுக்குக்கூட எட்டமாட்டார். ஆனாலும் பாயின் முன்னங்கைகளில் நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்ததுபோல் ஊதாத் திட்டுகள் இருந்தனவே, அதற்கு யார் பதில் சொல்வது?

பாய்க்கே தெரியவில்லை. இடித்துக்கொண்ட ஞாபகமில்லை, வலியுமில்லை.

எதிர்வீட்டுத் தட்சிணாமூர்த்தி தெருச் சங்கத் தலைவர். ஒருநாள் ஆட்களோடு வந்து, "பயப்படாதீங்க பாய், நாங்க இருக்கோம்" என்றார்.

"எதுக்குப் பயப்படணும்?"

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க" என்று கண்கலங்கியவர், பாயின் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார். "கை ஓங்குனா ஊதுங்க. ஓடியாந்துடறோம்."

அந்த நேரம் பார்த்து அமீனா பீவி டீயோடு வந்தார். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வேண்டாமென்று சொல்லப் பயந்து, கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாளே பாய் மனைவியோடு சிதம்பரத்துக்குத் தோல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார். பாதுகாப்புக்கென்று தட்சிணாமூர்த்தியும் பஸ் ஏறி, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். புதுச்சத்திரம் தாண்டி பஸ் ஒரு குலுக்கு குலுக்கியது. நழுவிய முக்காட்டைச் சரிசெய்ய அமீனா பீவி கையைத் தூக்கினார். "ஐயோ பாய்!" என்று அலறிய தட்சிணாமூர்த்தி, பாயின் கையை இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

டாக்டர் நஜியா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது புதுசு. நாலு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு. யாரு புடிச்சது?"

அமீனா பீவி, பஸ்ஸில் நடுவில் உட்கார்ந்து வந்தவரைப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி தம் விரல்களை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்று டாக்டர் பாயைக் கேட்டார்.

"சவுதியில பைப்லைன் வேலைம்மா. அரைக்கைச் சட்டைதான், நாளெல்லாம் வெயிலு."

"அதான். வயசானா தோல் மெலிஞ்சுடும். தோலுக்குள்ள ரத்தக்குழாயத் தாங்கிப் புடிக்கிற நாரெல்லாத்தையும் வெயிலு அரிச்சுடுச்சு. கதவுல லேசா ஒரசுனாலே குழாய் ஒடைஞ்சு ரத்தம் கசியும். பழுப்பாகித் தானா மறையும்." எதற்கும் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். முழுக்கைச் சட்டை போடச் சொல்லி, தடவ ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

ஊர் திரும்பிய தட்சிணாமூர்த்தி வீடுவீடாகப் போய் உண்மையைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. "பாவம், இவரையும் மெரட்டிட்டாங்க" என்றார்கள்.

அந்த வாரம் மீன்காரி கொளஞ்சியம்மாள் கூடையை இறக்கியதுமே பெரிய வஞ்சிரமாகப் பொறுக்கி எடுத்தாள். "நீங்க சொல்றதுதான் வெல, பீவிம்மா!" குழாயடியிலும் வழிவிட்டார்கள். அமீனா பீவிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக உயரம் கூடியதுபோல் இருந்தது.

"மச்சான், டாக்டரம்மா சொன்னத நீங்க வேற யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க" என்றார்.

"அப்ப என் மானம்?"

அமீனா பீவி தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். பாய் யோசித்தார். குழம்பு அருமையாக இருந்தது.