மாட்டுக்குச் சொன்னது

நடுப்பகலில் தின்ற கேழ்வரகுக் களி நாலு மணிக்கே கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு ராட்டை சுற்றச் சுற்ற மதனவதிக்கு வயிற்றுக்குள் எதையோ பிடித்து முறுக்குவது போலிருந்தது. மார்பு கனக்கவில்லை. துவண்டு தொங்கிக் காம்பு மட்டும் எரிந்தது. பால் வற்றும்போது அப்படித்தான் எரியும்.

அறுபத்தெட்டாம் வருஷத்துப் பனிக்காலம் அது. காஞ்சிபுரத்தில் ஜினதாஸ் நயினார் வீட்டுப் பின்கட்டில் பட்டு நூல் சுற்றும் கொட்டகை இருந்தது. அங்கே காலையில் உட்காரும் பெண்கள் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் இடுப்புவலி. மதனவதிக்கு அப்படியில்லை. ஜினதாஸைப் போல அவளும் ஜைன வீட்டில் பிறந்தவள். பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது, ஒரு வாய் தண்ணீரும் கிடையாது. இருட்டில் தின்றால் பூச்சி புழு வாயில் விழுந்து சாகும், அந்த உயிரைக் கொன்ற பாவம் வரும் என்று தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட விதி. இதுநாள்வரை அவள் அதை மீறியதில்லை.

குழந்தை ரத்னமாலாவுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. மதியம் மாமியார் தூக்கிவந்து பால் கொடுக்க வைத்துப் போவாள். புருஷன் ரிஷபதாஸுக்கு வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை. வாரம் ஒருமுறைதான் வருவான். மதியச் சோற்றுக்குப் பிறகு மறுநாள் காலைவரை தாய் பட்டினி கிடந்தால் பிள்ளைக்கு என்ன ஊறும்? ராத்திரி முழுக்கப் பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு அழுதது.

கொட்டகைக்குள் சோற்றுக் கை கூடாது, பட்டு கறையாகும். அது நியாயம்தான். பொழுது விழுவதற்கு முன்னால் வெளியே உட்கார்ந்து தூக்குச்சட்டியில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு வர அரைமணி விடுங்கள் என்றுதான் மதனவதி கேட்டாள். ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்றார் ஜினதாஸ். சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுக்கு உள்ளே போனார். அவருக்குப் பொழுதோடு இலை போட்டாக வேண்டும்.

பக்கத்து ராட்டை ரேணுகாம்பாள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இன்னா மதனா, உங்க நயினாருக்கு ஒரு சூரியன், உனக்கு வேற சூரியனா? அவரு துன்னுட்டு ஏப்பம் வுட்டுக்கினு வர்றாரு, நீ எச்சில முழுங்கிக்கினு குந்தியிருக்கிற.”

கொட்டகை ஜன்னலுக்கு நேரே மாட்டுத் தொட்டி. தினமும் வெயில் மஞ்சளாகும்போது வண்டிக்காரன் வேலாயுதம் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டித் தவிடு வைப்பான். ஜினதாஸ் சாப்பிட்ட கையோடு அங்கே வந்து நிற்பார். வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டால் நமக்குத் தோஷம் என்று வேலாயுதத்திடம் தவறாமல் சொல்வார். ராட்டையைச் சுற்றிக்கொண்டே மதனவதி அதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள்.

அமாவாசைக்குக் கொட்டகை லீவு. அன்று காலை ஜினாலயத்தில் இல்லறத்தார் விரதங்களைப் பற்றிப் படிப்பார்கள். படிப்பவர் சுமதிநாத உபாத்தியாயர், கோயில் பூஜையும் அவர்தான். நூலில் உள்ளதை வாசிப்பார். இல்லாததற்குப் பெரியவர்கள் வாய்வழி சொல்லிவந்த பொருளைச் சொல்வார். புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற பட்டு நூலை நாம் விற்கலாமா என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, தராசுக்கு வந்துவிட்ட நூல் உயிரில்லாத சரக்கு என்று பெரியவர்கள் சொல்லியிருப்பதாகத் தீர்த்துவைத்தார். படிப்பு நடக்கிற அந்தக் கோயில் மண்டபத்துக்குப் புதுக் கூரைத் தகடு போட்டுக்கொண்டிருந்தவர் ஜினதாஸ்.

கொல்லாமை விரதத்துக்குக் குற்றமாவது ஐந்து என்று அன்று வாசித்தார் உபாத்தியாயர். கட்டிவைப்பது, அடிப்பது, உறுப்பை அறுப்பது, தாங்காத சுமை ஏற்றுவது, உணவும் நீரும் கொடுக்காமல் தடுப்பது.

பெண்கள் பக்கத்தில் மதனவதி எழுந்து நின்றாள். அங்கே பெண்கள் கேள்வி கேட்பது வழக்கமில்லை. பிள்ளைக்குப் பால் இல்லை என்பதையும், பொழுதோடு சாப்பிட முடியாததையும் சொல்லிவிட்டு, கைக்குழந்தைக்காரி ராத்திரியில் ஒருவேளை சாப்பிடலாமா என்று கேட்டாள்.

“நூல்ல அப்படி இல்லியேம்மா. இல்லாதத நான் எப்படிச் சொல்றது?”

“சரிங்க ஐயா. அப்ப பொழுதோட சாப்பிட வுடாம வேலை வாங்குறது? இப்ப படிச்சீங்களே, அஞ்சாவது குத்தம். அதுல வராதா?”

ஆண்கள் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த ஜினதாஸ் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். உபாத்தியாயர் ஏட்டை மூடினார்.

“அது மாட்டுக்குச் சொன்னதும்மா. உழவு மாடு, வண்டி மாடு. எங்க அப்பா அப்படித்தான் பொருள் சொன்னாரு, அவருக்கு அவங்க அப்பா சொன்னாரு.”

“நூல்ல மாடுன்னு இருக்குதா?”

“எல்லாத்தையும் நூல்ல எழுதுவாங்களா? வாய்வழியா வர்றதுதான் பொருள்.”

அவ்வளவுதான் தீர்ப்பு. அவள் கேட்டபோது நூலில் இல்லாதது இல்லவே இல்லை. ஜினதாஸுக்கு வந்தபோது நூலில் இல்லாதது வாய்வழியாக வந்து சேர்ந்தது. வயதானவர்கள் தலையாட்டினார்கள். ஜினதாஸின் பெண்சாதி சாந்திமதி மட்டும், புள்ளக்காரிக்கு அரைமணி கொடுத்தா இன்னா குறைஞ்சிடும் என்று முணுமுணுத்தாள். புருஷன் திரும்பிப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் வேலாயுதம் மாடுகளை அவிழ்த்த நேரத்துக்கு மதனவதி ராட்டையை நிறுத்தினாள். தூக்கை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியோரம் மாடுகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள்.

ஜினதாஸ் வந்தார். “இன்னாம்மா இது?”

“மாட்டுக்குத்தான் சொல்லியிருக்குதுன்னு தீர்ப்பாச்சே மாமா. அதான் மாட்டோட குந்திக்கினேன்.”

வேலாயுதம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டின் மறுபக்கம் போய் முதுகைத் தேய்த்தான். கொட்டகைக்குள் ஒரு ராட்டைகூட நிற்கவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் அடுப்பு. ரேணுகாம்பாள் ஜன்னல் வழியே பார்த்தாள், கை சுற்றிக்கொண்டேயிருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது.

“நாளைலேர்ந்து வராதே,” என்றார் ஜினதாஸ். குரலை உயர்த்தவில்லை. அவருக்குக் கோபம் கூடாது, அதுவும் விரதம்.

மதனவதி அவசரப்படவில்லை. கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். வேலாயுதம் மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். தென்னை உச்சியில் வெயில் மிச்சமிருந்தது.

பிறகு பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதலியார் வீட்டில் நூல் சுற்றப் போனாள். அவளைப் பற்றி அந்த மனிதரிடம் எந்த நூலும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் சாப்பிடு, கையைக் கழுவிக்கொண்டு வா என்றார். ஆனால் வற்றிய பால் திரும்பவில்லை. ரத்னமாலா ஆட்டுப்பாலிலும் கஞ்சித் தண்ணீரிலும் வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போதும் அவள் கால் குச்சிதான்.

மண்டபத்துக்குக் கூரை போட்டாகிவிட்டது. தகட்டில் ஜினதாஸின் பெயர் இருக்கிறது. அவர் வீட்டு மாடுகள் இன்றைக்கும் பொழுதோடு தின்கின்றன.

ஜினதாஸ் நயினார் ரத்னமாலாவுக்கு ஒரு பனிக்காலத்துத் தாய்ப்பால் பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.